லண்டன் செயின்ட் ஜான் அருங்காட்சியகம்: போகலாமா, போனால் எதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: "லண்டனில் எனக்கு அரை நாள் மிச்சம் இருக்கிறது. கிளார்க்கன்வெல்லில் மத்தியகாலத் துறவற சபை ஒன்றைப் பற்றிய அருங்காட்சியகம் இருக்கிறதாம். போவது வீணா? சிலுவைப் போர் வீரர்களுக்கும் ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?"

போங்கள். ஆனால் வழிகாட்டிச் சுற்று இருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். முதல் தடவை எனக்கு இது தெரியவில்லை. கீழ்த்தளக் கண்ணாடிப் பெட்டிகளை முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, 'சரி, இவ்வளவுதான்' என்று கிளம்பி வந்துவிட்டேன். 12ஆம் நூற்றாண்டு நிலவறை சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதன்பின் பல தடவை போயிருக்கிறேன். இப்போது ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் கூட்டிப்போகிற முதல் நான்கைந்து இடங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது புரியாமல் உள்ளே போனால் பீரங்கியும் மருந்து ஜாடியும் ஸ்ட்ரெச்சரும் ஏன் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன என்று குழம்பிப் போவீர்கள்.

தமிழ்நாட்டில் கண்டக்டர் லைசென்ஸ் எடுத்தவர்களைக் கேளுங்கள். 'செயின்ட் ஜான் சர்ட்டிபிகேட்' என்றால் உடனே புரிந்துகொள்வார்கள். கண்டக்டர் உரிமத்துக்காக வாங்குகிற முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் அது. அதைக் கொடுக்கிற செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பின் சின்னம் எட்டு முனைகள் கொண்ட வெள்ளைச் சிலுவை. அந்தச் சிலுவை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் ஜெருசலேமில் போய் நிற்போம், 11ஆம் நூற்றாண்டில்.

இத்தாலியின் அமால்ஃபி நகரத்து வணிகர்கள் 1070 வாக்கில் ஜெருசலேமில் ஒரு விடுதி வைத்திருந்தார்கள். புனிதப் பயணமாக வந்து நோயில் விழுந்தவர்களுக்கான இடம் அது. ஊர் அப்போது முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. விடுதியைப் பார்த்துக்கொண்டவர் ஜெரார்டு. 1099இல் சிலுவைப் போர்ப் படை ஜெருசலேமைப் பிடித்தபோதும் இவர்தான் அங்கே இருந்தார். 1113இல் திருத்தந்தை இரண்டாம் பாஸ்கல் இந்த விடுதிக்காரர்களைத் தனிச் சபையாக அங்கீகரித்தார். திருமுழுக்கு யோவானின் பெயரில் இயங்கிய இந்தச் சபைதான் செயின்ட் ஜான் சபை. 'ஹாஸ்பிட்டலர்கள்' என்றும் சொல்வார்கள். ஹாஸ்பிட்டல் என்ற சொல்லுக்கு வேர் விருந்தினரைக் குறிக்கும் லத்தீன் சொல். பழந்தமிழில் விருந்து என்றால் புதிதாக வந்தவர் என்று பொருள். அதை வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தப் பெயர் நமக்குச் சட்டென்று பிடிபடும்: அறிமுகமில்லாமல் வந்து நிற்கிறவரைப் பார்த்துக்கொள்ளும் இடம்.

ஜெரார்டுக்குப் பின் தலைவரான ரேமண்ட் தூ புய் சபைக்கு விதிகள் எழுதினார். ஒரு விதி எனக்கு மனப்பாடம். நோயாளி வந்ததும் படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அவரை எஜமானராக நடத்தி, சகோதரர்கள் சாப்பிடப் போவதற்கு முன்னால் அவருக்கு உணவு கொடுக்க வேண்டும். நோயாளிகளை 'நம் எஜமானர்கள்' என்று அழைக்கும் வழக்கமே இந்தச் சபையில் இருந்தது. வந்து படுத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அவர்களுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனவர்களில் பிரபு வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பிறப்பை வைத்தே ஒருவருடைய இடத்தை முடிவு செய்த அந்தக் காலத்தில் இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்துப் பாருங்கள்.

1182இல் ரோஜர் தெ மூலேன் என்ற தலைவர் போட்ட விதிகள் இன்னும் நுணுக்கமானவை. நான்கு மருத்துவர்கள் இருக்க வேண்டும். சிறுநீரைப் பார்த்து நோயைக் கணிக்கத் தெரிந்தவர்களாக, மருந்து கொடுக்கத் தெரிந்தவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். கட்டில் நீளமாக, அகலமாக, உடம்புக்கு இதமாக இருக்க வேண்டும். விரிப்பும் போர்வையும் வேண்டும். இரவில் கழிப்பறைக்கு எழுந்து போகிறவர்களுக்கு ஆட்டுத்தோல் அங்கி, காலுக்குப் பூட்ஸ், தலைக்குக் கம்பளித் தொப்பி. வாரம் மூன்று நாள் இறைச்சி, அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கோழி. பயணத்தில் வந்த இடத்தில் குழந்தை பெற்ற பெண்களுக்காகச் சின்னத் தொட்டில்கள். குழந்தை தாயோடு ஒரே படுக்கையில் கிடந்து நசுங்கிவிடக் கூடாது என்ற கவலை அதற்குள் இருக்கிறது. நடுராத்திரிக் குளிரில் வெறுங்காலோடு நடக்கும் நோயாளியை நேரில் பார்த்த யாரோ ஒருவர்தான் அந்தப் பூட்ஸை விதியில் சேர்த்திருக்க வேண்டும். எனக்கு இந்தச் சபையின் எல்லாப் போர்களையும்விடப் பெரிய விஷயம் இந்தப் பட்டியல்தான்.

ஆனால் போரும் உண்டு. அதை மறைத்துப் பேசினால் பாதிக் கதைதான் வரும். பயணிகளுக்குக் காவல் போக ஆரம்பித்தவர்கள், அதே 12ஆம் நூற்றாண்டுக்குள் கோட்டைகளும் குதிரைப்படையும் வைத்திருக்கும் போர்ச் சபையாக ஆனார்கள். 1187இல் சலாவுதீன் ஜெருசலேமை மீட்டபோது, நோயாளிகளைக் கவனிக்கச் சகோதரர்கள் பத்துப் பேர் ஓராண்டு தங்க அனுமதித்தாராம். எதிரியே மதித்த வேலை அது. பிறகு சபையின் தலைமையிடம் ஏக்கர் என்ற கடற்கரை நகரம். 1291இல் அதுவும் போய் சைப்ரஸ், அங்கிருந்து ரோட்ஸ் தீவு. 1522இல் ஒட்டோமான் துருக்கியரின் சுல்தான் சுலைமான் முற்றுகையிட்டு ரோட்ஸைப் பிடித்தார். 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டாவைக் கொடுத்தார். வருட வாடகை ஒரு வல்லூறு. 1565 முற்றுகையைத் தாங்கி நின்றதில் ஐரோப்பா முழுக்கப் பெயர் பரவியது. 1798இல் நெப்போலியன் வந்து இறங்கியதோடு மால்டாவும் கைவிட்டுப் போனது. மால்டாவில் அவர்கள் கட்டிய மருத்துவமனையின் பெரிய வார்டு 155 மீட்டர் நீளம். நோயாளிகளுக்கு வெள்ளித் தட்டில் உணவு. அதே காலத்தில் அவர்களுடைய போர்க்கப்பல்களில் துடுப்பு வலித்தவர்களில் பலர் பிடித்துவரப்பட்ட முஸ்லிம் அடிமைகள். வெள்ளித் தட்டும் துடுப்புச் சங்கிலியும் ஒரே சபையுடையவை. அருங்காட்சியகத்தில் சுற்றும்போது இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி லண்டன். 1140களில் ஜோர்டன் தெ பிரிசே என்பவர் நகர மதிலுக்கு வெளியே கிளார்க்கன்வெல்லில் நிலம் கொடுத்தார். அங்கே சபையின் ஆங்கிலேயத் தலைமை மடம் எழுந்தது. அதன் தலைவருக்குப் பிரையர் என்று பெயர். ஜெருசலேம் கல்லறைக் கோயிலின் நினைவாக மடத்துக் கோயிலை வட்ட வடிவில் கட்டினார்கள். ஜெருசலேம் மறைமுதல்வர் ஹெராக்ளியஸ் 1185இல் லண்டன் வந்தபோது அதை அர்ச்சித்தார். 1381 விவசாயிகள் கிளர்ச்சியில் கூட்டம் இந்த மடத்தைத் தேடி வந்து எரித்தது. காரணம் இருந்தது. அப்போதைய பிரையர் ராபர்ட் ஹேல்ஸ்தான் நாட்டின் கருவூலத் தலைவரும்கூட. தலைவரி என்று ஏழை, பணக்காரன் பாராமல் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்த ஆத்திரம் அவர்மேல் விழுந்தது. டவர் ஹில்லில் அவர் தலையை வெட்டினார்கள். ஏழை நோயாளியை எஜமானர் என்று சொன்ன சபையின் தலைவர் ஏழைகளின் கையாலேயே மாண்டார். இந்த இடத்தைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது அதுதான்.

நீங்கள் போய் நிற்கப்போகிற வாசல், செயின்ட் ஜான்ஸ் கேட், 1504இல் தாமஸ் டாக்வ்ரா என்ற பிரையர் கட்டியது. தெருவுக்குக் குறுக்கே இரண்டு சதுரக் கோபுரங்கள், நடுவில் வளைவு, நம் ஊர்க் கோட்டை வாசல் மாதிரி. ஃபாரிங்டன் ஸ்டேஷனில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் போதும். சுற்றிலும் காபிக் கடைகளும் அலுவலகங்களும். திருப்பத்தில் திடீரென்று இது எழுந்து நிற்கும்.

காட்சிக்கூடம் வாசலின் கீழ்த்தளத்தில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. மூன்று பொருள்களிடம் நிதானமாக நில்லுங்கள். ஒன்று, எட்டாம் ஹென்றி 1520களின் இறுதியில் சபைக்குக் கொடுத்த வெண்கலப் பீரங்கி. ரோட்ஸை இழந்து நின்றவர்களுக்கு ஆதரவாகப் பல பீரங்கிகள் கொடுத்தார், அதில் ஒன்று இது. அதே ஹென்றிதான் 1540இல் சபையை இங்கிலாந்தில் கலைத்துச் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். இரண்டாவது, 1504ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோட்ஸ் திருப்பலிப் புத்தகம். சபையில் சேருகிறவர்கள் அதன்மேல் கை வைத்து வாக்குக் கொடுத்தார்கள்.

மூன்றாவது, மருந்து ஜாடிகள். மஞ்சளும் நீலமும் பச்சையுமாகச் சித்திரம் தீட்டிய களிமண் ஜாடிகள், மருத்துவமனை மருந்தறையில் இருந்தவை. பளபளப்பைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். சில ஜாடிகளின் நடுப்பகுதி இடுப்பு மாதிரி உள்வாங்கி இருக்கும். அலமாரியில் நெருக்கி அடுக்கிய வரிசையிலிருந்து ஒன்றை மட்டும் விரல் விட்டு எடுக்க அந்த வளைவு. வாய் விளிம்பு லேசாக வெளியே மடிந்திருக்கும். மூடி கிடையாது. தோலையோ துணியையோ மேலே போட்டு அந்த விளிம்புக்குக் கீழே கயிற்றால் கட்டுவார்கள், ஊறுகாய் ஜாடிக்கு நம் பாட்டிமார் வேடு கட்டியது போலவே. அலமாரி முன்னால் நின்று அவசரமாக ஒரு மருந்தைத் தேடும் கை அந்த ஜாடியில் தெரிகிறது.

இனி வழிகாட்டிச் சுற்று. அதற்கு நன்கொடை எதிர்பார்ப்பார்கள், தாராளமாகக் கொடுங்கள். வாசல் கோபுரத்துக்குள் டியூடர் காலத்துச் சுழல் படிக்கட்டில் ஏறி, மேலே உள்ள அறைகளையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய சபை மண்டபத்தையும் காட்டுவார்கள். மண்டபம் அழகுதான், சுவர் நிறையக் குலச்சின்னங்கள். நான் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை. படிகள் குறுகல் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இந்த அறைகள் பார்த்த வாழ்க்கை வேறு மாதிரி. சபை கலைந்த பின் மடத்து வளாகத்தில் எலிசபெத் ராணி காலத்து நாடகத் தணிக்கை அலுவலகம் நடந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் பல அங்கேதான் அனுமதி வாங்கின. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் தந்தை இந்த வாசலில் ஒரு காபிக் கடை வைத்தார், வருகிறவர்கள் லத்தீனில் பேசலாம் என்று விளம்பரப்படுத்தி. கடை நொடித்தது, அவர் கடன் சிறைக்குப் போனார். 1731இல் எட்வர்டு கேவ் இங்கே 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' என்ற இதழைத் தொடங்கினார். கிடங்கைக் குறித்த மேகஸின் என்ற சொல்லை முதன்முதலில் பத்திரிகைக்கு வைத்தவர் அவர்தான். அட்டையில் இதே வாசலின் படம்.

அந்த இதழில் கூலிக்கு எழுதியவர்களில் ஒருவர் பின்னாளில் அகராதி எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன். அவரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். கேவ் வீட்டு விருந்தில் ஒருவர் ஜான்சன் எழுதிய வாழ்க்கை வரலாற்றை வெகுவாகப் பாராட்டினார். பிறகொரு நாள் கேவ் அவரிடம், "அன்றைக்கு நீங்கள் ஒரு மனிதரை ரொம்பச் சந்தோஷப்படுத்திவிட்டீர்கள்" என்றார். விருந்தன்று திரைக்குப் பின்னால் ஒரு தட்டில் சாப்பாடு போயிருந்தது, அங்கே உட்கார்ந்திருந்தவர் ஜான்சன். உடுப்பு கிழிந்திருந்ததால் விருந்தாளி முன் வரக் கூச்சப்பட்டிருக்கிறார். வந்த நோயாளிக்கு முதல் தட்டு என்று விதி எழுதிய சபையின் பழைய வாசலில் நடந்தது இது.

அப்புறம் வெளியே வந்து கிளார்க்கன்வெல் ரோட்டைக் கடக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் போட்ட சாலை, பழைய மடத்து வளாகத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. எதிர்ப்பக்கச் சதுக்கத்தில் தரையைப் பாருங்கள். நடைபாதைக் கல்லில் ஒரு பெரிய வட்டக் கோடு பதித்திருப்பார்கள். 1185இல் அர்ச்சித்த வட்டக் கோயில் அங்கேதான் நின்றது. சைக்கிள்காரர்கள் அதன்மேல் ஓட்டிப் போவார்கள், மதிய நேரத்தில் அலுவலகத்துக்காரர்கள் சாண்ட்விச்சோடு உட்கார்ந்திருப்பார்கள். இப்போதுள்ள கோயில் 1941 குண்டுவீச்சில் எரிந்து, 1950களில் எளிமையாகத் திரும்பக் கட்டப்பட்டது. பக்கத்தில் மூலிகைகள் வைத்த சின்னத் தோட்டம்.

கோயிலுக்கு அடியில்தான் நிலவறை. குண்டு விழுந்தும் தப்பியது. படியிறங்கினால் தாழ்வான கல் வளைவுகள், தடித்த தூண்கள். முன்பகுதி 12ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது, பின்பகுதி அதே நூற்றாண்டின் இறுதியில். லண்டனில் இவ்வளவு பழைய கட்டடம் விரல் விட்டு எண்ணக்கூடியதுதான். உள்ளே இரண்டு கல் உருவங்கள் படுத்திருக்கின்றன. ஒருவர் காஸ்டீலைச் சேர்ந்த சபை வீரர், ஹுவான் ரூயிஸ் தெ வெர்காரா. ஸ்பெயினின் வல்லதோலித் பேராலயத்திலிருந்து வந்த சிலை. அலபாஸ்டர் கல், கவசம், மடிப்புக் கலையாத கம்பீரம். எல்லோரும் படம் எடுப்பது இதைத்தான்.

இன்னொன்று சர் வில்லியம் வெஸ்டன், கலைப்புக்கு முன் இருந்த கடைசிப் பிரையர். 1522இல் ரோட்ஸ் முற்றுகையில் சண்டை போட்டவர். 1540 மே மாதம், சபை கலைக்கப்பட்ட அந்த நாட்களிலேயே இறந்துபோனார். நெஞ்சு வெடித்துச் செத்தார் என்று அந்தக் காலத்திலேயே பேசிக்கொண்டார்கள். அவருடைய கல் உருவத்தில் கவசமும் இல்லை, வாளும் இல்லை. பிணச்சீலைமேல் ஓர் எலும்புக்கூட்டு உடம்பு. விலா எலும்பை எண்ணலாம். வயிறு குழிந்து கிடக்கிறது. அதிகாரத்தில் இருந்தவர்கள் தங்கள் சமாதியில் தங்களை இப்படிச் செதுக்கச் சொல்வது அந்தக் காலத்தில் ஒரு வழக்கம். ஆனாலும் நேரில் பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது. இந்தச் சபை 400 வருடமாகக் கட்டிலில் கிடத்தி எஜமானர் என்று அழைத்த உடம்பு இப்படித்தானே இருந்திருக்கும்.

குழந்தைகளோடு போனால் இந்த நிலவறையில் சொல்ல ஒரு பேய்க்கதையும் இருக்கிறது. 1762இல் பக்கத்துக் காக் லேனில் ஒரு வீட்டில், ஃபேனி என்ற இறந்துபோன பெண்ணின் ஆவி தட்டுகிறது என்று லண்டனே திரண்டது. ஃபேனியைப் புதைத்தது இந்த நிலவறையில். அவள் தன் சவப்பெட்டியில் தட்டிக் காட்டுவாள் என்று சொன்னதை நம்பி, நள்ளிரவு தாண்டி ஒரு குழு இறங்கிப்போய்க் காத்திருந்தது. குழுவில் நம் ஜான்சனும் உண்டு. ஒரு சத்தமும் இல்லை. பிறகு அந்த வீட்டுச் சிறுமி மரத்துண்டை ஒளித்துவைத்துத் தட்டியது பிடிபட்டது, தந்தைக்குத் தண்டனை கிடைத்தது.

மிச்சம் இருப்பது ஆம்புலன்ஸ் கதை. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் சிலர் செயின்ட் ஜான் சபையைப் புதிதாகத் தொடங்கினார்கள். பழைய கத்தோலிக்கச் சபை வேறு, அது ரோமைத் தலைமையாகக் கொண்டு இன்றும் இயங்குகிறது. பிரிட்டிஷ் சபை அதன் நேரடித் தொடர்ச்சி கிடையாது, பெயரையும் சிலுவையையும் லட்சியத்தையும் எடுத்துக்கொண்டது. 1874இல் இந்த வாசலை வாங்கினார்கள். 1877இல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் பிறந்தது. ரயில், சுரங்கம், ஆலை என்று எங்கும் விபத்து நடந்த காலம். மருத்துவர் வந்து சேருவதற்குள் ரத்தம் போயே ஆள் இறந்துவிடுவார். பக்கத்தில் நிற்கிற தொழிலாளிக்கே கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்பதுதான் யோசனை. 1878இல் லண்டன் வுல்விச்சில் வகுப்புகள் தொடங்கின. பாடம் எழுதியவர்களில் முக்கியமானவர் பீட்டர் ஷெப்பர்டு என்ற ராணுவ மருத்துவர். அடுத்த ஜனவரியிலேயே தென்னாப்பிரிக்காவில் இசண்டல்வானா போரில் இறந்துபோனார். அவர் குறிப்புகள் கைப்பிரதியாகவே நின்றுவிடாமல் நண்பர்கள் அச்சிட்டார்கள். 1882இல் ஜெருசலேமில் சபையின் கண் மருத்துவமனை திறந்தது. இன்றைக்கும் பாலஸ்தீனர்களுக்கு அங்கே கண் சிகிச்சை நடக்கிறது.

இந்தப் பகுதியில் அருங்காட்சியகத்தில் பார்க்கவேண்டியது பழைய முதலுதவிப் பொருள்கள். ஆம்புலன்ஸ் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் ஃபர்லி வடிவமைத்த, சக்கரம் வைத்துத் தள்ளும் ஸ்ட்ரெச்சர் வண்டியையும் முக்கோணக் கட்டுத்துணியையும் தேடுங்கள். அந்தத் துணியிலேயே எங்கெங்கே எப்படிக் கட்டுவது என்று படம் அச்சிட்டிருப்பார்கள். எழுத்துத் தெரியாதவர்கூடப் பார்த்துக் கட்டலாம்.

நேரக் கணக்கு: காட்சிக்கூடம் ஒரு மணி, சுற்று ஒன்றரை மணி வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை. நிலவறைக் கோயிலில் நிகழ்ச்சி இருந்தால் சுற்றுப் பாதை மாறும். அதனால் கிளம்புவதற்கு முன் அவர்கள் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். மத்தியகாலத் தங்கமும் கிரீடமும் எதிர்பார்க்கிறவர்கள் டவர் ஆஃப் லண்டன் போகலாம், அது வேறு வகை.

அரை நாளில் இன்னும் நேரம் மிஞ்சினால், தெற்கே பத்து நிமிடம் நடந்து ஸ்மித்ஃபீல்டு சந்தையைத் தாண்டி செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனைக்குப் போங்கள். 1123இல் தொடங்கி, தொடங்கிய அதே இடத்தில் இன்னும் நோயாளிகளைப் பார்க்கிற மருத்துவமனை. அங்கே வடக்குக் கட்டடப் படிக்கட்டுச் சுவரில் இரண்டு பெரிய ஓவியங்கள் உண்டு. வரைந்தது வில்லியம் ஹோகார்த், செயின்ட் ஜான்ஸ் கேட்டில் காபிக் கடை நொடித்தவரின் மகன். 1730களில், காசு வாங்காமல் வரைந்து கொடுத்தார். அதில் படுத்தும் உட்கார்ந்தும் நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் முகங்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.